வாத்துக்கு அடியில் மணி என்ன?

ஜூன் 1, திங்கள்

அடி வாலு,

கோபம் தீர்ந்துவிட்டது, அதனால்தான் அக்கா எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. தீரவில்லை. எனக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்த வாரத்தில், "தீவுல வேலை கெடச்சிருக்கு, காத்து அளக்கற வேலை" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு படகேறிய தங்கை உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். நானும் அன்றைக்கு, "எந்த வேலையில நீ நெலச்சு நின்ன? ஒரே மாசத்துல திரும்பி வந்து நிக்கப் போற பாரு" என்று கத்தினேன்தான். நீ திரும்பி வரவில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது. பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய், போதுமா?

விஷயத்துக்கு வருகிறேன். உருளை நேற்று குப்புற விழுந்துவிட்டாள்! உருளை என்றால் உன் அக்கா மகள். அழகான பெயர் ஒன்று வைத்திருக்கிறோம், ஆனால் வீட்டுக்கு வருகிற யாருக்கும் அது வாயில் வருவதில்லை. பார்த்தால் உனக்கே தெரியும், உருளைக்கிழங்கேதான். விழுந்தவள் தலையைத் தூக்கி, ஏதோ நான்தான் பிடித்துத் தள்ளிய மாதிரி என்னை முறைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உன் தீவில் போன் எடுக்காது, வாரம் ஒரு படகுதான். ஆகவே இந்தக் கடிதம். நீ படிக்கும்போது அவள் விழுந்து எழுந்து பழகியே போயிருப்பாள். இருந்தாலும் படித்த நிமிடத்தில் நீ கை தட்ட வேண்டும்.

இன்னொன்று. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன், வீட்டிலிருந்தபடியே. எந்த வேலை என்று கேட்டால் சிரிப்பாய். உன் காற்றுதான்! நீயும் மற்ற மூன்று நிலையங்களும் (மலை, பாலம், முகத்துவாரம்) அனுப்புகிற காற்று வேக எண்களை வாங்கி, வரிசைப்படுத்தி, டேட்டாபேஸில் எழுதுகிற புரோகிராம் நான் எழுதியது. அதைப் பார்த்துத்தான் துறைமுக மேலாளர் பயணிகள் படகை விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். உருளையை மடியில் போட்டுக்கொண்டு, லேப்டாப்பை மேசையில் வைத்துக்கொண்டு, எதிரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேலை நடக்கிறது. லேப்டாப் திரையின் ஓரத்தில் உன் மாமா ஒரு மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். அதை எடுத்தால் உருளை அழுவாள். அந்த வாத்துதான் இந்த வீட்டில் என் வேலையைக் காப்பாற்றுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும், தலைக்கனம் ஏற்றிக்கொள்ளாதே. உன் நிலையம்தான் முதல். உன் எண்ணில் எத்தனை மணிக்கு அளந்தது என்று போட்டிருக்கிறதோ, அதே நேரம்தான் என் சுவர்க் கடிகாரமும் காட்டுகிறது. சுடச்சுட வருகிறது. பாலமும் முகத்துவாரமும் கால் மணி நேரம் பிந்துகின்றன. மலை இருக்கிறதே, அது அரை மணி நேரம்! அங்கே இருப்பவர் சரியான சோம்பேறி போலிருக்கிறது. இந்த வெள்ளி இல்லை, அதற்கடுத்த வெள்ளி கூட்டம். மலை நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

உன் மாமா நன்றாக இருக்கிறார். தினமும் அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்காருகிறாராம், பாராட்டுக்கூட வாங்கிவிட்டார். "ரோட்ல கூட்டமே இல்லம்மா இப்பல்லாம்" என்கிறார்.

சாப்பிடுகிறாயா? அங்கே பாம்பு உண்டா? தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா?

அக்கா


ஜூன் 2, செவ்வாய்

அக்கா,

படகுக்காரர் மூட்டை இறக்கி முடிப்பதற்குள் எழுதுகிறேன். கிறுக்கலைத் திட்டாதே.

முதலில் கை தட்டிவிட்டேன். படகுக்காரர், "என்னம்மா, லாட்டரியா?" என்றார். "எங்க அக்கா பொண்ணு குப்புற விழுந்துட்டா!" என்றேன். "எப்போ?" என்றார். "இப்போதான்" என்றேன். பின்னே, எனக்கு இப்போதுதானே தெரிந்தது?

இரண்டாவது, சண்டை. பாம்பு இல்லை, தாழ்ப்பாள் விழுகிறது, சாப்பிடுகிறேன், "எந்த வேலையில நெலச்சு நின்ன" என்று நீ சொன்னதை மறக்கவில்லை. அதைக்கூட விட்டுவிடுகிறேன். ஆனால் மலைக்காரரைச் சோம்பேறி என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? அவரை நீ பார்த்திருக்கிறாயா? மேகம் இறங்கினால் தன் கையையே தன்னால் பார்க்க முடியாத இடம் அது. அதற்குள் ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறி, காற்றில் சுற்றி வேகத்தை அளக்கிற கிண்ணத்தில் படிந்த ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு இறங்குகிற மனுஷன். மேகம் இருந்தால் அவருடைய ரேடியோ திணறும், எண் கொஞ்சம் பிந்தும். அதற்காக? மேல்காற்று வந்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான். பிறகுதான் எனக்கு. கடைசியில்தான் உன் துறைமுகத்துக்கு.

எப்படித் தெரியும் என்கிறாயா? எங்கள் இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு வாக்கிடாக்கி இருக்கிறது. அது மலைக்கு மட்டும்தான் எட்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசுவோம், வேலை விஷயமாக. ஆறு என்று சொல்லிவிட்டு ஆறேகாலுக்குத்தான் வருவார், அது ஒரு குறைதான். மறைக்கவில்லை. ஆனால் எண் அனுப்புவதில் அவர் ஒரு நிமிடம்கூட வேண்டுமென்றே சும்மா இருந்ததில்லை.

அவர் நிலையத்தை மூடினால் அவரை எங்கோ உள்நாட்டுக்கு மாற்றிவிடுவார்கள். உன் புரோகிராமைப் பார். கோணல் அங்கேதான் இருக்கும்.

படகு ஊதுகிறது.

உன் தங்கச்சி


ஜூன் 8, திங்கள்

வாலு,

"வேலை விஷயமாக" என்ற இரண்டு வார்த்தையை நான்கு தடவை படித்தேன். யாருடி அந்த மலைக்காரர்? இதற்கு மட்டும் நேர் பதில் எழுது.

உருளை இப்போதுதான் தூங்கினாள். தூங்கினாளா என்று இரண்டு தடவை மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் மாமா, "கொழந்தைய நிம்மதியா மூச்சு விட விடு" என்கிறார். அவருக்கென்ன, சொல்வார்.

என் புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். கோணல் எங்கே என்று நீயே சொல்.

ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு நேரம் உண்டு. காற்று அடித்த நேரம் ஒன்று, அந்த எண் என்னிடம் வந்து சேர்ந்த நேரம் ஒன்று. நீ படகுக்காரரிடம், உருளை "இப்போதான்" விழுந்தாள் என்றாயே, அது வந்து சேர்ந்த நேரம். அவள் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. துறைமுகத்துக்கு வேண்டியது காற்று அடித்த நேரம்தான். அதனால் வரிசை மாறி வருகிற எண்களை எல்லாம் அடித்த நேரத்தின்படி அடுக்கி, கால் மணிக்கு ஒரு பக்கமாகக் கணக்கை முடித்து, டேட்டாபேஸில் எழுதுகிறேன்.

ஆனால் ஒரு பக்கத்தை எப்போது முடிப்பது? இன்னும் யாராவது வரலாமே! வரலாம் வரலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தால் மேலாளர் பார்ப்பதற்குத் திரையில் ஒன்றும் இருக்காது. அதற்காக ஒரு கோடு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் "வந்தாச்சு கோடு". இந்த நேரம் வரைக்கும் அடித்த காற்றெல்லாம் வந்தாச்சு, இனி நம்பிப் படிக்கலாம் என்று அர்த்தம். வந்த எண்களிலேயே எது மிகப் புதிய நேரமோ, அதிலிருந்து இருபது நிமிடம் பின்னால் கோட்டைப் போடுகிறேன். அந்த இருபது நிமிடம் மேகத்துக்கும் ரேடியோவுக்கும் நான் கொடுக்கிற சலுகை. புது எண் வர வர கோடு முன்னே நகரும். டேட்டாபேஸில் எண்களோடு சேர்த்து, கோடு எங்கே நிற்கிறது என்பதையும் எழுதிவிடுவேன். மேலாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார். கோட்டுக்குப் பின்னால் பிந்தி வருகிற எண் பக்கத்தில் ஏறாது, பிந்தியவர் கூடைக்குப் போகும். கூடையைக் காலி செய்யலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத்தான் எதையும் எறிய மனசு வராதே. உருளையின் முதல் சாக்ஸே இன்னும் இருக்கிறது.

மலைக்காரர் அரை மணி பிந்துகிறார். சலுகை இருபது நிமிடம். அவ்வளவுதான் கணக்கு.

சலுகையைக் கூட்டலாமே என்பாய். கூட்டினால் எல்லாருக்கும் கோடு பிந்தும், திரையில் பழைய காற்றுதான் தெரியும். மேலாளர், "வெயிட் பண்ணிப் பண்ணியே என் படகுக்கு வயசாயிடும்மா. மலைய எடுத்துடுவோம்" என்கிறார்.

இந்தக் கோட்டை எழுதியது பிரசவத்துக்கு முந்தைய மாதம், கால் வீங்கி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்த நேரம். நான் விடுப்பில் போனபோது மலை ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது பார்த்தால் கூடை முழுக்க மலை. தப்பு என்னுடையதாக இருந்தால்? "கொழந்தை பொறந்ததும் இவளுக்குக் கவனம் போச்சு" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும். வரி வரியாக மூன்று நாளாகப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம்.

பால் குடித்ததும் ஏப்பம் வராவிட்டால் எத்தனை நேரம் தட்டலாம்? உனக்குத் தெரியாது. இருந்தாலும் கேட்க வேண்டும் போலிருந்தது.

அக்கா


ஜூன் 9, செவ்வாய்

என் அருமை அக்கா,

ஏப்பம் வரும் வரை தட்டு. வராவிட்டால் மாமாவைத் தட்டு.

மலைக்காரர் யார் என்று கேட்டாய். நேர் பதில்: தெரியவில்லை. ஆறு மணி ஆவதற்கு முன்னாலேயே நான் வாக்கிடாக்கியைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அது என்ன என்று நீயே சொல். நேற்று அவர், "நீங்க தினமும் எனக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருக்கீங்க. எனக்குத்தான் வெக்கமா இருக்கு" என்றார். "ஆமா, இருக்கணும்" என்றேன். பிறகு வெறும் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

கூட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. "மூடினா மூடட்டும். கிண்ணத்த மட்டும் யாராவது தொடச்சு விட்டாங்கன்னா சரி" என்றார். அக்கா, எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. நீ ஏதாவது செய்.

உன் கோடு எனக்குப் புரிந்தது. நல்ல கோடுதான். அதில் மாட்டாமல் இருக்க என்ன வழி என்று அவருக்கு நான் பாடமே எடுத்துவிட்டேன். "என்னைப் பாருங்க, அஞ்சு மாசத்துல ஒரு நாள் பிந்தியிருக்கேனா?" என்றேன். எப்படிப் பிந்துவேன்? இங்கே வந்த முதல் நாளே எண்களை அனுப்புகிற பெட்டியின் கடிகாரத்தை நம்ம வீட்டு நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டேன். பெட்டி, சுவர், கைக்கடிகாரம் மூன்றும் கால் மணி முன்னால். அம்மா வளர்த்த பெண் என்றால் சும்மாவா? நாமெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் பிந்தியிருப்போமா? நீதான் என்னைப் பொறுப்பில்லாதவள் என்றாய். இப்போது நீயே எழுதியிருக்கிறாய், உன் நிலையம்தான் முதல் என்று. அந்தக் கடிதத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அவரையும் கால் மணி முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "நேரம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டுங்க" என்றார். பிடிவாதக்காரர்.

உருளைக்கு ஒரு சங்கு அனுப்பியிருக்கிறேன். வாயில் வைக்க விடாதே. வைப்பாள்.

உன் தங்கச்சி


ஜூன் 13, சனி

அடிப் பாவி!

செவ்வாய் சாயங்காலம் உன் கடிதம் வந்தது. ஒரு கையில் உருளை, ஒரு கையில் கடிதம். "நம்ம வீட்டு நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டேன்" என்ற வரியில் நின்றேன். எதிரே சுவர்க் கடிகாரம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன். கடிதத்தைப் பார்த்தேன். பிறகு வாத்தைப் பார்த்தேன்.

வாத்தைப் பிய்த்தேன்.

உருளை ஊரைக் கூட்டினாள். வாத்துக்கு அடியில், திரையின் ஓரத்தில், லேப்டாப்பின் மணி சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. சுவரைவிடக் கால் மணி பின்னால். அலமாரிக்குள் துணிக்கு நடுவே போட்டு வைத்திருந்த போனை எடுத்துப் பார்த்தேன். அதுவும் வாத்துப் பக்கம்தான்.

அம்மா! பிரசவத்துக்கு வந்து ஒரு மாதம் இருந்தாளே, போகிற போக்கில் கூடத்துக் கடிகாரத்தை முந்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயமென்று அவளுக்குத் தோன்றியிருக்காது. நான் அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் உலகத்தை அளந்துகொண்டிருந்தேன். உன் பெட்டியும் கால் மணி முன்னால், என் சுவரும் கால் மணி முன்னால். இரண்டு பொய்யும் ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போனது. பாலமும் முகத்துவாரமும் பாவம், சரியான நேரத்தில் வந்து கெட்ட பெயர் வாங்கின. உன் மாமா முதல் ஆளாகப் போய்ப் பாராட்டு வாங்கிய ரகசியமும் இதுதான்.

இப்போது கேள். மலைக்காரர் உண்மையில் பிந்துவது கால் மணிதான். இருபது நிமிடச் சலுகைக்குள் நிம்மதியாக வந்துவிடுவார். ஆனால் நான் கோட்டை எங்கிருந்து போடுகிறேன்? வந்ததிலேயே மிகப் புதிய நேரத்திலிருந்து. அது எப்போதும் யாருடையது? உன்னுடையது! இன்னும் அடிக்காத காற்றை அடித்ததாக நீ அனுப்ப அனுப்ப, கோடு துள்ளிக்கொண்டு முன்னே ஓடியது. நான் கொடுத்த சலுகையில் கால் மணியை நீ தின்றுவிட்டாய். மிச்சம் ஐந்து நிமிடம். அதற்குள் மேகத்திலிருந்து அந்த மனுஷன் எப்படி வருவார்?

அவரைக் கூடைக்குள் தள்ளியது நீதான். அவருக்குப் பாடம் வேறு எடுத்திருக்கிறாய்!

நான் சிரித்த சிரிப்பில் உருளை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இதைக் கூட்டத்தில் சொன்னால் உன் வேலை? சொல்லாவிட்டால் அவர் வேலை? உன் பெயர் வராமல் சொல்ல வழியிருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இல்லை. தீவில் நீ ஒருத்திதானே இருக்கிறாய்.

ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. நீ கடிகாரத்தைத் திருப்பியது ஒரு தப்பு. ஒரே ஒரு நிலையத்தின் கடிகாரம் ஓடினால் நான்கு நிலையத்தின் கோடும் சேர்ந்து ஓடுகிற மாதிரி எழுதியது என் தப்பு. முன்னால் ஓடுகிறவரைப் பார்த்துக் கோடு போட்டேன். கடைசியில் வருகிறவரைப் பார்த்து அல்லவா போட்டிருக்க வேண்டும்?

கூட்டத்தில் அப்படியே சொன்னேன். உருளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போனேன். "சார், தீவுக் கடிகாரம் கால் மணி முந்தி ஓடுது. அது என் தங்கச்சி வெச்சது. ஆனா ஒரு கடிகாரம் ஓடினா மொத்தமும் ஏமாந்து போற மாதிரி கோடு போட்டது நான்." மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கும்மா முந்தி வெச்சாங்க?" என்றார். "பிந்தக் கூடாதுன்னு சார். எங்க வீட்ல அப்படித்தான்." அவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. "எங்க வீட்டம்மா இருபது நிமிஷம் வெப்பாங்க" என்றார். அப்புறம் அந்த அறையில் யாருக்கும் அடக்க முடியவில்லை. உருளைகூடச் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

நல்லவேளை, கூடையை நான் காலி செய்யவில்லை. அதிலிருந்த மலை எண்களை எல்லாம் எடுத்து, அவை அவை அடித்த நேரத்துப் பக்கத்தில் சேர்த்து, கணக்கை மறுபடி போட்டுக் காட்டினேன். போன மாதம் ஒரு மத்தியானம் திடீரென்று படகுகள் ஆடியதே, அந்த மேல்காற்று மலைக்காரரின் எண்ணில் முன்னதாகவே இருந்தது. மேலாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத வெச்சுக்கிட்டா மூடப் போனோம்?" என்றார். மலை நிலையம் மூடப்படவில்லை. உனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வரும். சுவரில் அதையும் ஒட்டிக்கொள்.

இப்போது ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனிக் கோடு. நான்கில் எது கடைசியோ அதுதான் மொத்தக் கோடு. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. காற்றே இல்லாவிட்டால் கிண்ணம் சுற்றாது, பெட்டி ஒன்றும் அனுப்பாது. ஒருத்தர் சும்மா இருந்தால் அவருக்காக எல்லாரும் நிற்க வேண்டியதாகிவிடும். அதனால் பெட்டியிலுள்ள பச்சைப் பொத்தானுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். சொல்ல எண் இல்லாதபோது அதை அமுக்கினால், "இருக்கேன்" என்று ஒரு குறி அந்த நேரத்தோடு வந்து சேரும். கோடு நகரும்.

ஐந்து மாதம் நாம் இரண்டு பேரும் இப்படி ஒரு பொத்தானை அமுக்கியிருக்கலாம். விடு.

உன் பெட்டிக் கடிகாரத்தைச் சரியாக வை. உருளை தலையணைக்கு நடுவில் உட்காரப் பார்க்கிறாள், சாய்ந்து சாய்ந்து விழுகிறாள். வந்து பாரேன்.

அக்கா


ஜூன் 16, செவ்வாய்

அக்கா,

வெட்கத்தில் தண்ணீருக்குள் குதிக்கலாம் என்று போனேன், குளிராக இருந்தது, வந்துவிட்டேன்.

மூன்று கடிகாரத்தையும் சரி செய்தாயிற்று. கண்டிப்புக் கடிதமும் வந்தது. உன் பாராட்டுக்கு நேர் எதிரே ஒட்டியிருக்கிறேன்.

இன்றைக்கு உன் கடிதத்தைப் படித்த கையோடு, பேசுகிற நேரமில்லாத நேரத்தில் அவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ஆறு மணின்னா நீங்க ஆறு மணிக்குத்தான் வந்திருக்கீங்க. நான்தான் கால் மணி முன்னாடியே வந்து உக்காந்து உங்களத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றேன். "அப்படியா? நீங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சு நான் சந்தோஷப்பட்டுட்டேனே" என்றார்.

"கடிகாரம் தப்பு. காத்துக்கிட்டு இருந்தது தப்பில்ல" என்றேன்.

சொல்லிவிட்டு வாக்கிடாக்கியை அணைத்துவிட்டேன். தானாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. படகுக்காரர், "இன்னைக்கும் யாராவது குப்புற விழுந்தாங்களா?" என்கிறார்.

விடுப்பு கேட்டு எழுதியாயிற்று, கிடைக்கும். அடுத்த செவ்வாய் மாற்று ஆள் வருகிறார். அவர் வந்த படகிலேயே நான் திரும்பி வருகிறேன். நாலு மணிக்குப் புறப்படும். துறைக்கு உருளையைக் கூட்டிக்கொண்டு வா.

உன் தங்கச்சி


ஜூன் 23, செவ்வாய்

வாலு,

இந்தக் கடிதம் எப்படியும் அடுத்த படகில்தான் போகும். இருந்தாலும் எழுதாமல் தூக்கம் வராது.

துறையில் நின்றோம், மூன்று பேரும். படகு வந்தது. காலி டப்பாக்கள் இறங்கின, இரண்டு அஞ்சல் பை இறங்கியது. நீ இறங்கவில்லை. "தீவுப் பொண்ணு எங்க?" என்றேன். "வரலம்மா. ஊதிப் பாத்தேன், ஆளக் காணோம்" என்றார் படகுக்காரர். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். பாறையில் வழுக்கியதிலிருந்து பாம்பு வரைக்கும் ஒரு நிமிடத்தில் போய்விட்டு வந்தேன்.

உன் மாமாதான், "லேப்டாப்பத் தொறந்து பாரு" என்றார். துறையின் பெஞ்சில் உட்கார்ந்து திறந்தேன். தீவில் காற்றில்லை. ஆனால் "இருக்கேன்" என்று ஒரு குறி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தடுத்து இன்னும் நாலைந்து. இருக்கேன், இருக்கேன், இருக்கேன். மாற்று ஆள் அப்படி அமுக்க மாட்டார். நம் வீட்டு அழைப்பு மணியைச் சின்ன வயசிலிருந்து அப்படி அமுக்குகிறவள் ஒருத்திதான். எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். லேப்டாப்பைத் திறக்க உருளையை பெஞ்சில் வைத்திருந்தேன் அல்லவா? தலையணை இல்லை, பிடி இல்லை. தனியாக உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! உன் மாமா வாயைத் திறந்தபடி நிற்கிறார், பயத்தில் கூப்பிடக்கூட இல்லை. பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தாள், வாலு. நீ பார்த்திருக்க வேண்டும்.

ஏன் வரவில்லை?

அக்கா


ஜூன் 23, செவ்வாய்

அக்கா,

அதிசயமாக இன்றைக்கு ஒரு மீன்படகு இங்கே ஒதுங்கியிருக்கிறது, இதை அதில் கொடுத்து விடுகிறேன், வியாழன் உன் கைக்கு வரும். ஆளை ஏற்ற அவர்களுக்கு அனுமதி இல்லையாம், கடிதத்தை ஏற்றலாமாம்.

படகை விட்டுவிட்டேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக! காரணம் கேட்டால் அடிப்பாய். நாலு மணிப் படகுக்கு, கடிகாரம் நாலு காட்டும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எப்போதும் அப்படித்தானே. நம்ம வீட்டில் நாலு என்றால் இன்னும் கால் மணி இருக்கிறது என்று அர்த்தம், மெதுவாக நடந்தாலும் படகு இருக்கும். பாதி இறக்கத்தில்தான் ஞாபகம் வந்தது, நாலு என்றால் இப்போது நாலேதான். ஓடிப் போனேன். படகின் முதுகைத்தான் பார்த்தேன். உண்மையான நேரத்தை வைத்துக்கொண்டு மனுஷர்கள் எப்படித்தான் பிழைக்கிறார்களோ.

நீ துறையில் நின்று என்னென்ன கற்பனை செய்வாய் என்று தெரியும். அதனால்தான் மேலே ஓடிப்போய், படகு அங்கே சேர்கிற நேரம் பார்த்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினேன். மாற்று ஆள், "எந்திரம் கெட்டுடும்மா" என்று கத்தினார். என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டேதான் கத்தினார். இன்னும் ஒரு வாரம் அவரோடு.

அடுத்த செவ்வாய் காலையிலேயே துறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். இன்னொன்று. அன்றைக்கு மலைக்காரரும் இறங்கி வருகிறார், நேராக நம் துறைக்கே. உன்னைப் பார்த்து நன்றி சொல்லவாம். வேலை விஷயமாக. மாமாவை நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்.

கடைசியாக ஒன்று, அக்கா. உருளை குப்புற விழுந்ததற்குக் கடிதத்தில்தான் கை தட்டினேன். உட்காருவதையாவது நேரில் பார்க்க வேண்டும். அதற்குள் உட்கார்ந்துவிட்டால் எனக்குச் சொல்லாதே. அடித்த நேரம் உன்னோடு இருக்கட்டும். நான் வருகிற வரைக்கும் அந்தக் கோட்டை மட்டும் நகர்த்தாதே.

உன் தங்கச்சி


ஜூன் 25, வியாழன்

வாலு,

மீன்படகுக்காரர் நிற்கிறார், இரண்டே வரி.

செவ்வாய்க்கிழமை உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் ஒன்றுமில்லை, அனுப்பவில்லை. கூடையில் இருக்கிறது.

உருளை இன்னும் உட்காரவில்லை.

அக்கா